‘ஆசியா’வைக் கண்ட போக்ஸன்

சென்னை நுங்கம்பாக்கத்தில் காலேஜ் ரோட்டில் வானிலை இலாகாவின் காரியாலயம் இருப்பதை நமது நேயர்கள் அறிவார்கள். மழை வருமா, புயல் எங்கே நிற்கிறது என்று ஜனங்கள் கவலைப்படும் போதெல்லாம் அந்த இடத்தின் பெயர் அடிபடுகிறது. ஆனால் அதே இடத்தில் ஒரு காலத்தில் நக்ஷத்திரசாலை ஒன்று இருந்தது என்பதையும், சூரியனைச் சுற்றிவரும் ஓர் உலகம் அங்கிருந்துதான் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும், அந்த உலகத்துக்கு ‘ஆசியா’ என்று பெயர் சூட்டப்பட்டது என்பதையும் அறிந்தவர்கள் மிகச் சிலரே. ஆசியாக் கண்டத்தின் மண்ணில் நின்று மனிதன் கண்டுபிடித்த முதல் சிறு கிரகம் அதுதான். அந்தப் பெருமை சென்னைக்கு உரியது.

அதைக் கண்டவர் நார்மன் ராபர்ட் போக்ஸன் என்னும் ஆங்கிலேயர். கும்பினி ஆட்சி போய் ராணியின் ஆட்சி ஏற்பட்ட மூன்றாம் வருஷத்தில் சர்க்கார் வானசாஸ்திரியாகச் சென்னைக்கு வந்து, 30 வருஷம் உழைத்து, இங்கேயே உயிர் நீத்தவர். அந்நிய ஆட்சியின் ஊழியராக வந்த ஒருவரின் சரித்திரம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் வழக்கைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. அவர் இங்கே எதைக் கண்டார், யாருடன் சேர்ந்து உழைத்தார், உழைப்பின் பலனை எந்த நிலையில் விட்டுச் சென்றார் என்ற மூன்று விஷயங்களையும் நேயர்கள் முன் வைக்கிறோம்.

போக்ஸன் 1829-ம் வருஷம் மார்ச் 23-ந் தேதி இங்கிலாந்திலுள்ள நாட்டிங்காம் நகரில் பிறந்தார். காலுறைக்கும் லேஸுக்கும் பேர்போன ஊர் அது. தந்தையார் காலுறை உற்பத்தித் தொழிலில் இருந்தார். மகனும் அதே வியாபாரத்தில் இறங்குவான் என்றுதான் வீட்டில் எதிர்பார்த்தார்கள். மகனுடைய மனமோ கணக்கிலும் வானத்திலும் சென்றது. தாயார் அதற்குத் துணை நின்றார். 18 வயதிலேயே அவர் இரண்டு வால் நக்ஷத்திரங்களின் பாதையைக் கணித்து முடித்துவிட்டார். அக்காலத்தில் லண்டனில் புகழ் பெற்றிருந்த ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் என்ற வானசாஸ்திரி அவருக்கு வழிகாட்டினார். 1851-ல் லண்டனில் ஹிண்ட் வேலை செய்த நக்ஷத்திரசாலையிலேயே போக்ஸனுக்கும் இடம் கிடைத்தது. அடுத்த வருஷம் அவர் ஆக்ஸ்போர்டு நகரிலுள்ள ராட்கிளிஃப் நக்ஷத்திரசாலைக்கு உதவியாளராகச் சென்றார்.

அந்தக் காலத்து வானசாஸ்திரிகளுக்கு இருந்த ஆவல் என்ன என்பதை இங்கே சொல்லவேண்டும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே மிகப் பெரிய இடைவெளி இருக்கிறது. 1801-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியன்று சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரில் பியாஸி என்ற பாதிரியார் அந்த இடைவெளியில் ஒரு சிறு கிரகத்தைக் கண்டார். அதற்கு ஸீரஸ் என்று பெயர். ஏழு வருஷத்துக்குள் இன்னும் மூன்று அகப்பட்டன. பிறகு 1845 வரை ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வருஷம் ஐந்தாவது கிடைத்தது. அதன்பின் வருஷந்தோறும் புதிய சிறு கிரகங்கள் வெளிப்படத் தொடங்கின. இன்றைக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சிறு கிரகங்கள் நமக்குத் தெரியும். போக்ஸன் இந்த வேலையில் இறங்கிய காலத்தில் தெரிந்திருந்தவை ஐம்பதுக்கும் குறைவு.

தேடும் முறை எளிது. ஆனால் பொறுமையைக் கொல்லும் முறை. போட்டோப் படம் பிடித்துத் தேடும் வழி அப்போது இல்லை. சூரியன் செல்லும் ராசிப் பாதையை ஒட்டிய வானத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, தூரதிருஷ்டிக் கண்ணாடியில் தென்படும் ஒவ்வொரு நக்ஷத்திரத்தையும் கையால் படத்தில் புள்ளி வைக்கவேண்டும். மறு இரவும் அதன் பிறகும் அதே பகுதியைப் பார்த்துப் படத்தோடு ஒப்பிடவேண்டும். எல்லாப் புள்ளிகளும் இருந்த இடத்திலேயே இருக்க, ஒன்று மட்டும் சற்று நகர்ந்திருந்தால் அது நக்ஷத்திரம் அன்று. சூரியனைச் சுற்றும் ஒரு கிரகம். பெரும்பாலான இரவுகளில் எதுவும் நகர்ந்திராது. அந்த வெறும் இரவுகளைச் சகித்துக்கொள்பவனுக்கே பலன் உண்டு.

போக்ஸனுக்குப் பலன் கிடைத்தது. 1856-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி ஐஸிஸ் என்ற சிறு கிரகத்தை ஆக்ஸ்போர்டில் கண்டார். அதற்காகப் பிரெஞ்சு விஞ்ஞான அகாதமியின் லாலாந்து பரிசு கிடைத்தது. 1857-ல் ஆரியட்னி, ஹெஸ்டியா என்ற இரண்டைக் கண்டார்.

இவற்றைக் காட்டிலும் நிலைத்த வேலை ஒன்றையும் அவர் அப்போதே செய்தார். பழைய கிரேக்கர் காலம் முதல் வானசாஸ்திரிகள் நக்ஷத்திரங்களை ஒளியைக் கொண்டு ஆறு தரமாகப் பிரித்து வந்தார்கள். மிகப் பிரகாசமானவை முதல் தரம்; வெறுங் கண்ணுக்கு மங்கலாகத் தெரிபவை ஆறாம் தரம். ஆனால் ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருந்தது. ஐந்து தரம் வித்தியாசமென்றால் ஒளியில் சரியாக நூறு மடங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம் என்று போக்ஸன் 1856-ல் யோசனை கூறினார். அப்படியானால் ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு ஆகிறது. இந்த யோசனை தனியான பெரிய நூலில் வரவில்லை. அடுத்த வருஷத்தில் சிறு கிரகங்கள் எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்று மாதவாரியாகக் கணக்கிட்ட ஓர் அட்டவணையோடு வந்தது. இன்று உலகத்தில் எந்த நாட்டு வானசாஸ்திரியானாலும் நக்ஷத்திரத்தின் ஒளியை அளப்பது போக்ஸனுடைய இந்தப் படியைக் கொண்டுதான். வியாபாரிக்கு முத்திரைப் படி எப்படியோ அப்படி.

1859-ல் ஹார்ட்வெல் என்ற இடத்தில் ஜான் லீ என்ற தனவந்தர் வைத்திருந்த நக்ஷத்திரசாலைக்கு அவர் தலைவரானார். மறு வருஷம் அக்டோபரில், இந்தியா மந்திரியாயிருந்த ஸர் சார்லஸ் வுட் அவரைச் சென்னை சர்க்காரின் வானசாஸ்திரியாக நியமித்தார். 1861-ம் வருஷம் பிப்ரவரியில் போக்ஸன் சென்னைக்கு வந்து வேலையை ஒப்புக்கொண்டார்.

அவர் வந்து சேர்ந்த இடம் புதிதன்று. 1786-ல் பெட்ரி என்ற கும்பினி உத்தியோகஸ்தர் எழும்பூரில் சொந்தமாக ஆரம்பித்து, 1792-ல் கும்பினியாரால் நுங்கம்பாக்கத்தில் கட்டிடம் எழுப்பப்பட்ட சாலை அது. கருவிகளைத் தாங்குவதற்காக அங்கே நிறுத்திய கருங்கல் தூணில் அதன் வரலாற்றைத் தமிழ் உட்படப் பல பாஷைகளில் பொறித்திருந்தார்கள். டெய்லர் என்பவர் அங்கிருந்து அளந்து 1844-ல் வெளியிட்ட 11,000 நக்ஷத்திரங்களின் அட்டவணை ஐரோப்பாவிலும் மதிக்கப்பட்டது. சென்னைக்கு இயற்கையே அளித்த வசதி ஒன்றும் உண்டு. பூமத்தியரேகைக்கு 13 பாகை வடக்கே இருப்பதால் ராசிப் பாதை முழுவதும் இங்கே உயரமாகச் செல்லுகிறது. தென்வானத்திலும் பெரும்பகுதி தெரிகிறது. சித்திரை மாதத்து நள்ளிரவில் சூரியனுக்கு எதிரே நிற்கும் ராசி ஆக்ஸ்போர்டில் அடிவானத்தைச் சார்ந்து மங்கித் தெரியும். சென்னையில் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும்.

அப்படிப்பட்ட ஒரு சித்திரை இரவில், 1861-ம் வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி, வந்து இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமான நாளில், நகரும் புள்ளி ஒன்று அவருக்கு அகப்பட்டது. உலகத்தில் அதுவரை கண்டுபிடிக்கப்பட்ட சிறு கிரகங்களின் வரிசையில் அது 67-வது. முந்தைய அறுபத்தாறில் ஒன்றாவது ஆசியாவிலிருந்து கண்டதன்று. ஆகவே போக்ஸன் அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். கிரேக்கருடைய புராணத்தில் அப்பெயருடைய தேவகன்னிகை ஒருத்தி இருப்பதால், தேவதைகளின் பெயரையே வைப்பது என்ற அக்கால வழக்கத்துக்கும் அது பங்கமாகவில்லை.

இந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய குருவான ஹிண்ட் 1850-ல் தாம் கண்ட ஒரு சிறு கிரகத்துக்கு விக்டோரியா என்று பெயரிட்டார். ரோமாபுரியாரின் வெற்றித் தேவதையின் பெயர் அது என்று சமாதானம் கூறப்பட்டாலும், அரசியின் பெயரை வானத்தில் ஏற்றுவதா என்று ஆக்ஷேபம் எழுந்தது. அதே அரசியின் சர்க்காரில் சம்பளம் வாங்கிய போக்ஸன், தாம் சென்னையில் கண்ட முதல் உலகத்துக்கு அரசர் பெயரையோ கவர்னர் பெயரையோ தேடவில்லை. தாம் நின்ற கண்டத்தின் பெயரையே வைத்தார். இது சிறிய விஷயந்தான். ஆனால் மனிதருடைய மனப்போக்கைச் சிறிய விஷயங்களே காட்டுகின்றன.

இனி அந்த ஆசியாவின் லக்ஷணங்களைப் பார்ப்போம். சூரியனிலிருந்து பூமி 9 கோடி 30 லட்சம் மைல் தூரத்தில் இருக்கிறது. ஆசியாவின் சராசரித் தூரம் சுமார் 22 கோடி 50 லட்சம் மைல். அதன் பாதை சரியான வட்டமன்று. சூரியனை நெருங்கும்போது 18 கோடி மைலுக்குச் சற்று மேலும், விலகும்போது 27 கோடி மைலுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். பூமியின் பாதைத் தளத்துக்கு அதன் தளம் 6 பாகை சாய்ந்திருக்கிறது. ஒரு தடவை சுற்றிவர மூன்றே முக்கால் வருஷத்துக்குச் சற்று அதிகமாகிறது. செவ்வாய் இரண்டு தடவை சுற்றும் காலமும் ஏறக்குறைய அதுவே. கண்டுபிடிக்கப்பட்ட நாள் முதல் இன்று வரையில் ஆசியா சூரியனை நாற்பது தடவைக்கு மேல் வலம் வந்துவிட்டது.

அதன் குறுக்களவு சுமார் 36 மைல். அதாவது சென்னையிலிருந்து செங்கற்பட்டு வரையிலுள்ள தூரந்தான். தன்னைத்தானே ஒரு தடவை சுற்றிக்கொள்ள சுமார் 16 மணி நேரம் ஆகிறது. கல்லும் சிறிது உலோகமும் கலந்த வகையைச் சேர்ந்தது. தன்மேல் விழும் சூரிய ஒளியில் கால் பங்கைத் திருப்பி அனுப்புகிறது. சிறு கிரகங்களுக்குள் இது நல்ல பிரகாசம் என்றே சொல்லவேண்டும். ஆயினும் பூமிக்கு மிகவும் சாதகமாக வரும்போதும் அதன் ஒளி பத்தாம் தரத்தை ஒட்டியே நிற்கிறது. போக்ஸனுடைய படியாலேயே அளந்து பார்ப்போம். ஆறாம் தரத்துக்கும் பத்தாம் தரத்துக்கும் நான்கு தரம் வித்தியாசம், 2.512-ஐ நான்கு தடவை பெருக்கினால் ஏறக்குறைய நாற்பது. அதாவது வெறுங் கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான நக்ஷத்திரத்தைக் காட்டிலும் நாற்பது மடங்கு மங்கலானது. அதைத்தான் அவர் மற்ற எண்ணற்ற புள்ளிகளின் நடுவே, அது நகர்ந்தது என்ற ஒரே அடையாளத்தைக் கொண்டு பிரித்தெடுத்தார்.

ஆசியாவோடு அவர் நிற்கவில்லை. 1864-ல் ஸாஃபோ, 1866-ல் ஸில்வியா, 1868-ல் காமில்லா, 1885-ல் வேரா ஆகிய நான்கையும் சென்னையிலிருந்தே கண்டார். ஆக்ஸ்போர்டில் கண்ட மூன்றையும் சேர்த்து மொத்தம் எட்டு. இவற்றில் ஸில்வியாவும் காமில்லாவும் ஆசியாவைவிட மிகப் பெரியவை. ஒவ்வொன்றும் 150 மைலுக்கு மேற்பட்ட குறுக்களவு உடையவை. போக்ஸனுக்கு அவை வெறும் ஒளிப் புள்ளிகளே. ஆனால் 2001-லும் 2004-லும் ஸில்வியாவைச் சுற்றி இரண்டு சந்திரர்கள் காணப்பட்டார்கள். இரண்டு சந்திரர்களுடைய சிறு கிரகம் என்று முதன்முதல் தெரியவந்தது ஸில்வியாதான். காமில்லாவுக்கும் 2001-ல் ஒன்றும், 2016-ல் மற்றொன்றுமாக இரண்டு சந்திரர்கள் உண்டென்று தெரிந்தது. நுங்கம்பாக்கத்தில் வைத்த புள்ளிகளின் பொருள் வெளிப்பட நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

யாருடன் சேர்ந்து உழைத்தார் என்பது இரண்டாவது விஷயம். அந்தச் சாலையில் அவருக்கு முன்பே சேர்ந்து வேலை பார்த்துவந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். கூலியாளாகச் சேர்ந்து, கணக்காலும் கண்ணின் கூர்மையாலும் படிப்படியாக உயர்ந்து, முதல் உதவியாளரானவர். ஒளி மாறும் நக்ஷத்திரங்களைத் தேடுவதில் போக்ஸனுக்கு விசேஷப் பற்று உண்டு. அந்தப் பற்று ரகுநாதாச்சாரியாருக்கும் வந்தது. 1867-ல் தென்வானத்திலுள்ள ரெடிகுலம் என்ற மண்டலத்தில் ஒளி மாறும் நக்ஷத்திரம் ஒன்றை அவர் கண்டார். தலைவர் அந்தப் பெருமையைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. உதவியாளர் பெயரிலேயே உலகத்துக்கு அறிவித்தார். 1872-ல் லண்டன் ராயல் வானசாஸ்திர சங்கம் ரகுநாதாச்சாரியாரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. அந்த ஸ்தானத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

ரகுநாதாச்சாரியார் சாலைக்குள் மட்டும் உழைத்தவர் அல்லர். பஞ்சாங்கத்தில் எழுதியிருப்பதும் வானத்தில் காண்பதும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் திருக்கணித முறையை ஜனங்களிடையே பரப்பப் பாடுபட்டார். 1874 டிசம்பரில் சுக்கிரன் சூரியனைக் குறுக்காகக் கடக்கும் அபூர்வ நிகழ்ச்சி வந்தபோது, அதன் காரணத்தைக் கேள்வியும் பதிலுமாக எழுதித் தமிழ் உட்பட நம் நாட்டுப் பாஷைகள் பலவற்றில் வெளியிடச் செய்தார். சாஸ்திரத்தை ஜனங்களுடைய பாஷையில் சொல்ல முடியாது என்று இன்றும் கூறித் திரியும் படித்தவர்கள் இதைக் கவனிப்பார்களாக. 1880-ல் அவர் காலமானார்.

இன்னொரு துணை போக்ஸனுடைய மகள். ஐஸிஸ் என்ற பெயருடைய அவர், 1869-ல் தாயார் இறந்தபின் தம்பி தங்கைகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார். 1873-ல் நக்ஷத்திரசாலையில் உதவியாளராக அமர்ந்து 25 வருஷம் வேலை செய்தார். சென்னை ராஜதானியின் வானிலைக் கணக்குகளும் அவர் கைக்கு வந்தன. 1886-ல் தகப்பனார் அவரை ராயல் வானசாஸ்திர சங்கத்துக்கு அங்கத்தினராகப் பிரேரேபித்தார். சங்கத்தின் சாஸனத்தில் அங்கத்தினரைக் குறிக்கும் சொல் ஆண்பாலில் இருக்கிறது. ஆகையால் பெண்ணுக்கு இடமில்லை என்று சட்ட நிபுணர்கள் அபிப்பிராயம் கூறினார்கள். பிரேரணை வாபஸாயிற்று. சட்டத்தோடு பழகிய நமக்கு இந்த வாதம் புதிதன்று. கதவைத் திறக்க மனமில்லாதவனுக்கு இலக்கணமும் தாழ்ப்பாளாகும். அந்தத் தாழ்ப்பாள் விலகி ஐஸிஸ் அங்கத்தினரானது 1920-ல். கூலியாளாக வந்த இந்தியருக்கு 1872-ல் திறந்த கதவு, தலைவருடைய சொந்த மகளுக்கு 48 வருஷம் கழித்தே திறந்தது.

இந்தச் சிறு கூட்டம் செய்த மற்ற வேலைகளும் அற்பமல்ல. 1868-ம் வருஷம் ஆகஸ்ட் 18-ந் தேதி நம் தேசத்தின் குறுக்கே பூரண சூரிய கிரகணம் விழுந்தது. பிரான்ஸிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவர்கள் குண்டூரில் கருவிகளை நிறுத்தினார்கள். போக்ஸன் மசூலிப்பட்டணத்தில் நின்று பார்த்தார். ரகுநாதாச்சாரியார் ஹைதராபாத் சமஸ்தானத்திலுள்ள வனபர்த்திக்குச் சென்றார். சூரியனைச் சுற்றிக் கிளம்பும் ஜ்வாலைகளின் ஒளிப்பட்டையில் தெரிந்த கோடுகள் அன்று பதிவாயின. அவற்றிலுள்ள மஞ்சள் கோட்டைத் தொடர்ந்து ஆராய்ந்ததன் பயனாகவே ஹீலியம் என்ற வாயு பின்னர் தெரியவந்தது.

1872-ல் நடந்தது விசித்திரமானது. பீலா என்ற வால் நக்ஷத்திரம் 1846-ல் இரண்டாகப் பிளந்து, 1852-க்குப் பின் காணாமற்போயிருந்தது. 1872 நவம்பர் 27-ந் தேதி இரவு ஐரோப்பாவில் எரிநக்ஷத்திரங்கள் மழைபோல் பொழிந்தன. ஜெர்மனியில் காட்டிங்கன் நகரிலிருந்த கிளிங்கர்ஃப்யூஸ் என்ற வானசாஸ்திரி, பீலா பூமியைத் தொட்டுக்கொண்டு சென்றிருக்கவேண்டுமென்று ஊகித்து, அதைத் தென்வானத்தில் ஸெண்டாரஸ் மண்டலத்தருகே தேடும்படி போக்ஸனுக்குத் தந்தி கொடுத்தார். அந்த இடம் ஐரோப்பாவிலிருந்து தெரியாது. டிசம்பர் 2, 3 தேதிகளில் போக்ஸன் அங்கே ஒரு வால் நக்ஷத்திரத்தைக் கண்டேவிட்டார். பின்பு மேகம் மூடிக்கொண்டது. ஒரு பாதையைக் கணிக்கக் குறைந்தது மூன்று தடவை கண்டிருக்கவேண்டும். இவருக்குக் கிடைத்தது இரண்டே. அது பீலா அன்று, வேறொன்று என்று பிற்காலத்துக் கணக்குகள் காட்டின. அந்த வால் நக்ஷத்திரம் பின்னர் தென்படவில்லை.

பட்டினி கிடக்கும் நாட்டுக்கு நக்ஷத்திரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைப் பாழாக்கிய தாது வருஷப் பஞ்சம் போக்ஸன் காலத்திலேயே வந்தது. பருவமழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் ஏற்படும் மாறுதலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்ற கேள்வி அதன்பின் வலுத்தது. 1882-ல் மலைப்பிரதேசம் ஒன்றில் 20 அங்குலக் கண்ணாடியுடன் புதிய சாலை வேண்டுமென்று போக்ஸன் யோசனை கூறினார். பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் பார்க்கப்பட்டது. அதன் முடிவாகச் சூரியனை ஆராய்வதற்கென்று கொடைக்கானல் சாலை ஏற்பட்டபோது வருஷம் 1899. யோசனை சொன்னவர் இறந்து எட்டு வருஷமாகியிருந்தது. அனுமதியைக் கடிதத்தில் கொடுத்துவிட்டுக் காரியத்தைக் காலத்திடம் ஒப்படைப்பது சர்க்கார்களுக்குப் பழக்கம். ரயில்வேக்கு வேண்டிய மணிக் கணக்கு மட்டும் தவறாமல் கேட்கப்பட்டது. லண்டன் கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முந்திய சென்னை நேரப்படியே இந்திய ரயில்கள் ஓடிய காலம் அது.

மூன்றாவது விஷயத்துக்கு வருகிறோம். இங்கே போக்ஸனுக்கு எதிராகவும் சொல்லவேண்டியது உண்டு. 1862 முதல் 1887 வரை 25 வருஷம் அவரும் உதவியாளர்களும் நக்ஷத்திரங்களின் ஸ்தானத்தை இரவுதோறும் அளந்தார்கள். அளவுகள் பல்லாயிரமாகக் குவிந்தன. ஆனால் அவற்றைச் சீர்படுத்தி அச்சிடும் வேலை மிகவும் பின்தங்கியது. ஆள் பற்றாக்குறை ஒரு காரணம். எல்லாவற்றையும் தம் கையாலேயே முடிக்க விரும்பிப் புதிய தேடல்களைத் தொடங்கிக்கொண்டே போன சுபாவம் இன்னொரு காரணம். முதல் தொகுதி வெளிவந்தபோது 1887 ஆகிவிட்டது. அளந்தவர்களில் முதன்மையானவரான ரகுநாதாச்சாரியார் அதைக் காண உயிரோடு இல்லை. ஸ்தானங்கள் நாளடைவில் பழையனவாகும். உரிய காலத்தில் அச்சேறாத அளவு, வயலிலேயே உதிர்ந்த நெல்லுக்குச் சமானம்.

1891-ம் வருஷம் ஜூன் மாதம் போக்ஸன் சென்னையில் காலமானார். அவருக்கு அப்போது வயது 62. பின்வந்த மிச்சி ஸ்மித் எஞ்சிய தொகுதிகளை வெளியிட்டு, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நக்ஷத்திரங்களின் அட்டவணையை முடித்துக் கொடுத்தார். ஒளி மாறும் நக்ஷத்திரங்களைப் பற்றிய போக்ஸனுடைய குறிப்புகள் இங்கிலாந்தில் 1908-ல்தான் அச்சாயின. அவர் இறந்த அதே வருஷம் டிசம்பரில், ஜெர்மனியில் மாக்ஸ் வுல்ஃப் என்பவர் போட்டோப் படத்தின் உதவியால் ஒரு சிறு கிரகத்தைக் கண்டார். கையால் புள்ளி வைத்துத் தேடும் காலம் அத்துடன் முடியத் தொடங்கியது. சந்திரனில் ஒரு பள்ளத்துக்கும், பின்னாளில் கண்ட ஒரு சிறு கிரகத்துக்கும் போக்ஸன் பெயரை இட்டிருக்கிறார்கள். நுங்கம்பாக்கத்தில் தொடங்கிக் கொடைக்கானலுக்குப் போன மரபு, பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பௌதிக நிலையமாக இன்றும் தொடர்ந்து வருகிறது.

இப்போது தீர்ப்பை நேயர்களே சொல்லலாம். நம் மட்டில் சொல்வது இது. போக்ஸன் இந்த நாட்டிலிருந்து எதையும் சுரண்டிச் சென்றவர் அல்லர். இந்த நாட்டின் வானத்தில் இருந்ததைக் கண்டு, இந்தக் கண்டத்தின் பெயரை அதற்கு இட்டவர். உதவியாளரின் உழைப்பை உதவியாளர் பெயரிலேயே எழுதியவர். அந்தக் காலத்துச் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்குள் இது எளிதில் காணக்கூடிய குணமன்று. அவரை மதிப்பது நமக்கு இழிவாகாது. அவரோடு ரகுநாதாச்சாரியாரை நினையாதிருப்பதுதான் இழிவு. சென்னையின் பெருமையைப் பேசும்போது முன்னவர் பெயர் வந்து பின்னவர் பெயர் விட்டுப்போவதை இனியும் பொறுப்பதற்கில்லை.

பொதுக் காரியத்தில் இறங்கியிருக்கும் நம் இளைஞர்கள் இவ்விருவரிடமிருந்தும் அறியவேண்டியது ஒன்று உண்டு. ஒரு நாள் உற்சாகத்தில் கிரகம் அகப்படுவதில்லை. நேற்று என்ன இருந்தது என்று எழுதி வைத்தவனுக்கே இன்று என்ன நகர்ந்தது என்பது தெரியும். கூட்டத்தின் கணக்கானாலும், கிராமத்தின் குறையானாலும், ஏரியின் நீர் மட்டமானாலும் எழுதி வைக்காத ஊருக்கு மாறுதல் கண்ணில் படாது. எழுதி வைத்ததை உரிய காலத்தில் ஜனங்கள் கையில் சேர்ப்பது அதன் மறுபாதி. முதல் பாதியில் போக்ஸன் பெரியவர். மறுபாதியில் ரகுநாதாச்சாரியார் பெரியவர். இரண்டும் சேர்ந்தாலொழியக் காரியம் பூர்த்தியாகாது.

ஆசியா சுமார் 16 மாதத்துக்கு ஒரு முறை சூரியனுக்கு எதிரே வந்து இரவு முழுவதும் தெரியும். அதைக் காணப் பெரிய சாலை வேண்டியதில்லை. நல்ல சிறு தூரதிருஷ்டிக் கண்ணாடியும், இருண்ட இடமும், கையில் ஒரு படமும் போதும். நம் பாடசாலைகளில் வசதியுள்ளவை அடுத்த முறை மாணவர்களை இரண்டு இரவு மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்லட்டும். முதல் இரவு எல்லாப் புள்ளிகளையும் குறிக்கட்டும். மறு இரவு ஒப்பிடட்டும். நகர்ந்த புள்ளி எது என்பதை உபாத்தியாயர் சொல்லவேண்டாம். பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.